துண்டு போடக் கற்றுக்கொடுப்பவர்கள்

தென் மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கலையரங்கம். நானூறு மாணவர்கள், சுழலாத இரண்டு மின்விசிறிகள், மேடையில் சென்னையிலிருந்து வந்த 'வேலைவாய்ப்புத் திறன்' பயிற்சியாளர். அவருக்கு அடுத்துப் பேச வேண்டியவன் நான். எழுந்து போக வழியில்லாமல் ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க ரெஸ்யூமை ஹெச்.ஆர். எவ்வளவு நேரம் பார்ப்பாங்க தெரியுமா? ஆறே செகண்ட்!" என்றார். அரங்கில் சலசலப்பு. அந்த ஆறு நொடிக்குள் கண்ணில் படுவதற்கு எழுத்துரு எப்படி இருக்க வேண்டும், ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த வினைச்சொல்லில் வரியைத் தொடங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். கடைசியில் கேள்வி நேரம். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், இந்த வருஷம் நம்ம காலேஜ்லேருந்து மொத்தம் எத்தனை பேரை எடுப்பாங்க?"

பயிற்சியாளர் சிரித்தார். "தம்பி, அது நம்ம கையில இல்ல. நம்ம கையில இருக்கிற ரெஸ்யூமை மட்டும் பார்ப்போம்." கைதட்டல். பையன் உட்கார்ந்துவிட்டான்.

அன்று அந்த அரங்கில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அதைச் சிரித்து உட்கார வைத்த பதிலோடுதான் எனக்கு வழக்கு. வேலை கிடைக்கவில்லையா, உன் ரெஸ்யூம் சரியில்லை. ரெஸ்யூம் சரியாக இருந்தும் கிடைக்கவில்லையா, உன் ஆங்கிலம் சரியில்லை. அதுவும் சரியா, உன் மனப்பான்மை சரியில்லை. இப்படி ஒரு சித்தாந்தம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. அப்பாக்கள் சொல்கிறார்கள், பேராசிரியர்கள் சொல்கிறார்கள், வேலை தேடிக் களைத்த பிள்ளைகளே இரவில் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

பொங்கலுக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கத்தில் பேருந்து பிடித்திருக்கிறீர்களா? ஐம்பது இருக்கை, முந்நூறு பேர். சன்னல் வழியே துண்டு போடத் தெரிந்தவனுக்கு இடம் கிடைக்கும். உங்கள் தம்பிக்கு நீங்கள் துண்டு போடக் கற்றுக்கொடுத்தால் அவன் உட்கார்ந்து போவான், அது உண்மைதான். முந்நூறு பேருக்கும் கற்றுக்கொடுத்தால் முந்நூறு துண்டு விழும். உட்காரப் போவது அப்போதும் ஐம்பது பேர். கூடுதல் வண்டி ஏன் விடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. நின்றுகொண்டு போகிறவனிடம்தான் "உன் துண்டு நீளம் போதவில்லை" என்கிறார்கள். அந்தத் துண்டையும் அவனிடமே விற்கிறார்கள்.

விற்பவர்களின் சரக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அந்த ஆறு நொடி எங்கிருந்து வந்தது? 2012-இல் அமெரிக்காவின் 'தி லேடர்ஸ்' என்ற வேலைவாய்ப்புத் தளம் 30 ஆள்தேர்வாளர்களின் கண்ணசைவை அளந்து சொன்னது அது. முப்பது பேர்! 2018-இல் அதே தளம் மறுபடி அளந்து 7.4 நொடி என்றது. வேலை தேடுபவர்களிடம் சந்தா வாங்கும் தளம் அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இன்னொரு புகழ்பெற்ற எண், '75 விழுக்காடு ரெஸ்யூம்களை மனிதக் கண் பார்ப்பதற்கு முன்பே கணினி தள்ளிவிடுகிறது' என்பது. இதன் வேரைத் தேடிப் போனவர்கள் ப்ரெப்டெல் என்ற அமெரிக்க நிறுவனத்தில் போய் முட்டிக்கொண்டார்கள். கணினிக்குப் பிடித்தமாதிரி ரெஸ்யூமைத் திருத்தித் தரும் சேவையை விற்ற நிறுவனம் அது. 2013-இல் கடையைக் கட்டிவிட்டது. எண் மட்டும் இன்னும் நம் ஊர்க் கல்லூரி மேடைகளில் உலாவருகிறது.

சரி, ஆறு நொடி என்பது மெய்யென்றே வைத்துக்கொள்வோம். அதில் வெட்கப்பட வேண்டியவர் யார்? பல்கலைக்கழகத் தேர்வுத்தாளை ஒருவர் ஆறு நொடியில் திருத்தினார் என்று தெரிந்தால் ஊரே கொதிக்கும். அங்கே விடைத்தாள் நகல் கேட்கலாம், பணம் கட்டி மறுமதிப்பீடும் கேட்கலாம். நான்கு ஆண்டுப் படிப்பின் சாரத்தை ஆறு நொடியில் தூக்கிப் போடும் அலுவலரைப் பற்றி மட்டும் நாம் வாய் திறப்பதில்லை. அவர் கண்ணுக்கு இதமாக எழுத்துருவை மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம்.

நானும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள். அதில் பாதிக்கு மேல் நேர்காணல் குழுவில். ஓர் ஆண்டு நான்கு இடத்துக்கு விளம்பரம் போட்டோம். ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பம் வந்து குவிந்தது. அவற்றைப் பார்க்க விட்டிருந்தது ஒரே ஒரு பெண்ணை, அதுவும் வேலையில் சேர்ந்து ஆறு மாதமே ஆனவரை. வந்த வரிசைப்படி திறந்துகொண்டே போனார். தேறும் பெயர்கள் இருபது சேர்ந்ததும் நிறுத்திவிட்டார். மீதி திறக்கப்படவே இல்லை. நான்கு இடத்தில் இரண்டு ஏற்கெனவே 'ரெஃபரல்' வழியாக முடிந்திருந்தது என்பது எனக்கே பிறகுதான் தெரியும். ஒரு மாதம் கழித்து எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல்: 'தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம்.' உறையைக் கிழிக்காமலேயே பரிசீலித்த கடிதங்கள் அவை! அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு எத்தனை பேர் தங்கள் ரெஸ்யூமில் என்ன குறை என்று இரவெல்லாம் தேடியிருப்பார்கள்? நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாதம் பெரிய இடத்திலிருந்து வருகிறது. 'இந்தியப் பொறியாளர்களில் 80 விழுக்காட்டினர் வேலைக்குத் தகுதியற்றவர்கள்.' பட்டமளிப்பு விழாவில்கூடக் கூச்சமில்லாமல் இதைச் சொல்லிவிட்டுப் பொன்னாடை வாங்கிக்கொண்டு போகிறார்கள். 2019-இல் இந்த எண்ணை வெளியிட்ட ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் நிறுவனத்தின் தொழில் என்ன? ஆம்கேட் என்ற வேலைவாய்ப்புத் தகுதித் தேர்வை நடத்துவது. ஊரில் பாதிப்பேருக்குச் சர்க்கரை என்று சர்க்கரைப் பரிசோதனை நிலையமே சொன்னால், பொய்யென்று தள்ளமாட்டேன். யார் சொல்வது என்பதையாவது மனத்தில் வைப்பேன்.

தகுதியான ஆளுக்கு உண்மையிலேயே பஞ்சம் என்றால் சம்பளம் ஏறியிருக்க வேண்டும். தக்காளி வரத்துக் குறைந்தால் கோயம்பேட்டில் விலை ஏறுகிறதல்லவா? பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் புதிய பட்டதாரிக்குக் கொடுக்கும் தொடக்கச் சம்பளம் பத்து, பதினைந்து ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நொண்டிக்கொண்டிருக்கிறது. இதே காலத்தில் வேளச்சேரி வாடகை எத்தனை மடங்கு ஏறியது என்று அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள். பஞ்சத்தில் விலை ஏறாத ஒரே சரக்கு நம் பிள்ளைகள்தானா?

தகுதியை நிரூபித்துப் பணிநியமனக் கடிதம் வாங்கியவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். 2023 பிப்ரவரியில், ஆறரை லட்சம் தருவதாகச் சொல்லியிருந்த பயிற்சியாளர்களிடம் மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று விப்ரோ கேட்டது. 2022-இல் இன்ஃபோசிஸ் தேர்ந்தெடுத்தவர்களில் சுமார் 2,000 பேர் வேலையில் சேரும் தேதிக்காக இரண்டாண்டு காத்துக் கிடந்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் மைசூரு வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள், உள்தேர்வில் தேறவில்லை என்று வெளியே அனுப்பப்பட்டார்கள். பல ஆண்டுகளாகப் பேருந்து பேருந்தாக மாணவர்களை அள்ளிக்கொண்டுபோன டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் 2023-24 நிதியாண்டில் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 64,000 குறைந்தது. பங்குச்சந்தைக்கு வந்த 2004-க்குப் பிறகு டிசிஎஸ்ஸில் ஆண்டுக் கணக்கில் ஆள் குறைந்தது அதுதான் முதல்முறை. அந்த ஆண்டு வெளியே வந்த மாணவர்களின் ரெஸ்யூம் முந்தைய ஆண்டு அண்ணன்மாரின் ரெஸ்யூமைவிட மோசமாகவா இருந்தது? பெரும்பாலும் அண்ணன்மாரிடம் வாங்கி, பெயரை மாற்றிக்கொண்ட அதே ரெஸ்யூம்தான்.

பின்வரிசைப் பையன் கேட்டது இதைத்தான். எத்தனை இடம் இருக்கிறது என்பது தெரியாமல் துண்டைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு.

இனி, இருக்கிற இடத்துக்கும் ஆளை எப்படிச் சலிக்கிறார்கள் என்பது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, படிப்பில் இடைவெளி இரண்டாண்டுக்கு மேல் கூடாது என்பது பெரிய நிறுவன அறிவிப்புகளில் நெடுங்காலமாக வரும் நிபந்தனை. எங்கள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்த ஒரு பெண் பட்டப்படிப்பில் 84. பன்னிரண்டாம் வகுப்பில் 58. அந்த ஆண்டு அவள் அப்பா சிறுநீரகக் கோளாறில் படுத்துவிட்டார். நிரல் எழுதச் சொல்லி உட்காரவைத்தால் எங்களில் பாதிப்பேரைத் தோற்கடித்திருப்பாள். கணினி அவளை உள்ளேயே விடவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் எனக்கு அவளைத் தெரியும். அந்த 58-ஐ எந்த எழுத்துருவில் அடித்தால் 60 ஆகும்?

இது என் ஒருவனின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்ச்சரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிர்வாகிகளில் 88 விழுக்காட்டினர், தகுதியுள்ள ஆட்களைத் தங்கள் மென்பொருள் சல்லடை தள்ளிவிடுகிறது என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். குறிப்பிட்ட நிபந்தனைக்கு அச்சாகப் பொருந்தவில்லை என்பதுதான் காரணம். ஏறத்தாழப் பாதி நிறுவனங்கள், வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலே ஒதுக்கும்படி சல்லடையை அமைத்திருந்தன. பிள்ளைப்பேறு, நோய், மாமியாருக்குப் பணிவிடை எல்லாம் அந்தச் சல்லடைக்கு ஒரே குற்றம்தான்.

ரெஸ்யூம் ஆலோசகர்கள் தொடவே தொடாத ஒரு வரி ரெஸ்யூமின் உச்சியிலேயே இருக்கிறது. பெயர். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்த ஆய்வு 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வந்தது. 66 வாரங்கள், 548 தனியார் வேலை விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அது மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசியபோது, வேலைக்கு வருபவரின் 'குடும்பப் பின்னணி' எவ்வளவு முக்கியம் என்று அவர்கள் தாராளமாக விளக்கினார்கள். அதே மூச்சில் தகுதி ஒன்றே அளவுகோல் என்றும் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே, முதலெழுத்துத்தானே என்று நாம் பெருமைப்படுவோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நேர்காணலில் தேநீர் கொடுத்துக்கொண்டே, "சொந்த ஊர் எது?", "அங்க எந்தப் பக்கம்?", "அப்பா என்ன பண்றாங்க?", "நீங்க சைவமா?" என்று கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நான்கு கேள்வியில் ஊரின் எந்தத் தெரு என்பது வரை போய்விடுவார்கள். திருப்பெரும்புதூரில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு காட்டவில்லை என்று மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லும் ரெஸ்யூம் ஆலோசனை இன்னும் வரவில்லை. வந்தாலும் வியக்கமாட்டேன்.

மனிதவளத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆயிரம் பேர் போட்டா நாங்க என்னப்பா பண்றது? ஏதாவது ஒரு சல்லடை வேணும்ல?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் உத்திரமேரூரைக் காட்டினேன். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள், கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது. தேறியவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பிராமண ஊர்ச் சபை அது. ஊரில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் குடத்தின் பக்கமே போயிருக்க முடியாது. அதைப் பொற்காலம் என்று நான் பாடவில்லை. ஆனால் யாரை ஒதுக்குகிறோம் என்பதை ஒளிக்காமல் கல்லில் எழுதினார்கள். மிச்சம் குலுக்கல் என்பதை எல்லோர் கண்முன்னும் ஒத்துக்கொண்டார்கள். எங்கள் அலுவலகத்தில் வந்த வரிசையில் இருபது பேரை எடுத்ததும் குலுக்கல்தான். அதற்குத் 'திறமை வேட்டை' என்று பெயர் வைத்திருந்தோம்.

பொய்யைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கநிலை வேலைக்கு இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. இந்த இடுக்கில்தான் பயிற்சி மையங்கள் மலிந்த தெருக்களில் 'ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ்' வியாபாரம் செழிக்கிறது: பணம் கட்டினால் இல்லாத நிறுவனத்தில் இருந்த மாதிரி சம்பளச் சீட்டு. பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் பையன் காலி, பெயரும் கெட்டுவிடும். அவன் செய்தது தப்புத்தான். ஆனால் மேசைக்கு எதிர்ப்புறம் என்ன நடக்கிறது? 'சி.டி.சி. மூன்றரை லட்சம்' என்பார்கள், நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு என்று பொருள். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்புநிதி, காப்பீட்டுத் தவணை, கிடைத்தாலும் கிடைக்கும் ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள். பணிக்கொடையும் உள்ளே, ஐந்தாண்டு பணி முடித்தால்தான் அது கைக்கு வரும் என்பது பொதுவிதி. முதல் மாதம் கைக்கு வரும் தொகையைப் பார்த்து அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ரெஸ்யூமை ஊதிப் பெருக்கினால் மோசடி. சம்பளத்தை ஊதிப் பெருக்கினால் அதற்கு 'பேக்கேஜ்' என்று பெயர்.

நேர்காணல் முடிந்ததும் வரும் மௌனம் இன்னொன்று. "வி வில் கெட் பேக் டு யூ" என்ற வாக்கியத்தை எங்கோ கேட்டமாதிரி இருக்கிறதே என்று யோசித்தால், பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த லெட்டர் வராதபோது, பெண் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாளோ, காபியில் சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று வீட்டார் பெண்ணிடமே குறை தேடுவார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் இப்போது 'மென்திறன் பயிற்சி' என்று கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறார்கள்.

பதில் போடுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்கள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைப் பார்க்கலாம். 2026 ஜனவரி முதல் அங்கே 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும். உண்மையில் காலியிடம் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். சலிப்பதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும். நேர்காணலுக்கு வந்தவருக்கு 45 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். 1959-இல் நம் நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அது எந்த அழகில் நடந்தது என்பது, பதிவுப் புதுப்பிப்புக்காக வெயிலில் வரிசை கட்டி நின்ற என் தலைமுறைக்குத் தெரியும்.

பிழை மலிந்த ரெஸ்யூம் போதும் என்று சொல்லவில்லை. ஒரு பக்கம், ஒரு மாலைப்பொழுது, எழுத்துப்பிழை பார்க்க ஒரு தோழர். அவ்வளவுதான் அதன் மதிப்பு. அதற்கு மேல் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் துண்டு விற்பவருக்குப் போகிறது.

அன்று என் முறை வந்தபோது, தயாரித்துக்கொண்டு போயிருந்த உரையை மடித்து வைத்துவிட்டு இவற்றில் பாதியைச் சொன்னேன். கைதட்டல் அதிகம் இல்லை. விழா முடிந்து வேலைவாய்ப்பு அலுவலரிடம் பையனின் கேள்வியை நானே கேட்டேன். வாசலில் கட்டியிருந்த பேனரில் சென்ற ஆண்டு எத்தனை பேர் 'பிளேஸ்' ஆனார்கள் என்று பெரிதாகப் போட்டிருந்தது. "அதுல எத்தனை பேர் நிஜமாவே வேலையில சேர்ந்தாங்க சார்?" என்றேன். "அந்தக் கணக்கு நாங்க வெச்சுக்கறதில்லீங்க" என்றார், மரியாதையாகத்தான்.

இந்த ஆண்டு பிள்ளைக்குக் கல்லூரி தேடும் பெற்றோரே, பேனரில் இருக்கும் எண்ணை விடுங்கள். எத்தனை பேருக்குப் பணிநியமனக் கடிதம் வந்தது, எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஓராண்டு கழித்து எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்ற மூன்று எண்களையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், கட்டணம் கட்டும் முன் அடுத்த கல்லூரியின் வாசலில் போய் அதையே கேளுங்கள்.